கவுட் மாத்திரை இதயத்தைக் காக்குமா?



சம்பளம், வீடு, வேலை நீக்கம் என்று எழுதுகிற இந்தப் பகுதியில் இந்த வாரம் மாத்திரையைப் பற்றி எழுதுகிறோமே என்று வியக்க வேண்டாம். காரணத்தோடுதான் எழுதுகிறோம்.

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். கூட்டம் கலைந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பழைய தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் பால்மரம் வெட்டியவர்; தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டியவர். நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, பெரிய மருத்துவமனையில் இதயக் குழாய்க்குள் கம்பி வலை வைத்து அனுப்பியிருந்தார்கள். இனிப்பு நீரும் உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இது நம்ம கூட்டாளி குடுத்தது. அவனுக்குக் கால் கட்டைவிரல்ல கவுட் வீக்கம், அதுக்குக் கொடுத்த மாத்திர. இப்ப ஹார்ட்டுக்கும் இதான் புது மருந்தாமே! ஆஸ்பத்திரில குடுத்தது ஆறு வகை கெடக்கு. முழுங்கி முழுங்கி அலுத்துப்போச்சு. அதையெல்லாம் வுட்டுட்டு இத ஒண்ண மட்டும் போட்டா போதாதா?"

"அண்ணே, போட்டுட்டீங்களா?"

"மூணு நாளாப் போடுறேன். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. வயித்தால போவுது."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரையும் அட்டையையும் மிச்ச மருந்துப் பையையும் காரில் ஏற்றிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். அந்த மாத்திரையை டாக்டர் உடனே நிறுத்தினார். சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார். நல்ல காலம், பெரிய சேதம் இல்லை. ஆனால் டாக்டரை அதிகம் பயமுறுத்தியது கவுட் மாத்திரை அல்ல. "கம்பி வலை வைத்து நாலு மாதத்தில் இரத்தக் கட்டுத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால், வலைக்குள்ளேயே இரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரும். மூன்று நாள் தப்பித்தீர்கள்," என்றார்.

தோழர்களே, அந்த அண்ணன் படிக்காதவர் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அவர் கேட்டது மூடக் கேள்வி அல்ல. அதே கேள்வியை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய பெரிய இதய மருத்துவர்கள் கேட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் நமக்கு வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துக்கொள்ள முடியும்.

குழாய்க்குள் ஒரு முள்

செம்பனை முள் கையில் ஏறினால் என்ன ஆகிறது? ஒரே இரவில் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. முள் மட்டும் அதைச் செய்யவில்லை. உள்ளே வந்த அந்நியனை விரட்ட நம் உடம்பு அனுப்பும் காவற்படைதான் அந்த வீக்கத்தைக் கொண்டுவருகிறது. சில நாள் வீக்கம் நன்மை. முள் எடுபடாமல் உள்ளேயே தங்கிவிட்டால் அதே வீக்கம் சீழாகி, சதையைத் தின்கிறது.

இதயக் குழாயிலும் இதுதான் நடக்கிறது. இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து படிகிறது. உடம்புக்கு அது முள் மாதிரி. வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் உள்ளே வீக்கம் புகைந்துகொண்டே இருக்கிறது. கொழுப்புக் கட்டியின் மேல்தோல் மெலிந்து ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. அதுதான் மாரடைப்பு.

இந்த நோய் நமக்குத் தூரத்து நோய் அல்ல. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் மருத்துவர் சான்றளித்த இறப்புகளில் 17 விழுக்காடு இதயக் குழாய் நோயால் வந்தவை. மற்ற எந்தக் காரணமும் அந்த அளவுக்கு உயிர் குடிக்கவில்லை. லயத்தில் வாழ்ந்த நம் குடும்பங்களில் அப்பன், சித்தப்பன், மாமன் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்கும்.

கொழுப்பைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு இரண்டாம் மாரடைப்பு வருகிறதே, ஏன்? மிச்சமிருக்கும் அந்த வீக்கத்தையும் அடக்கினால் என்ன? மருத்துவர்கள் கேட்ட கேள்வி இதுதான்.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

கேள்வி நல்ல கேள்விதான். பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது? "எங்க மாமா சாப்பிட்டாரு, சரியாப் போச்சு" என்பது பதில் ஆகாது. மாமா மாத்திரை இல்லாமலும் பிழைத்திருக்கலாம் அல்லவா?

இதற்கான வழியை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் கோலாலம்பூரிலேயே 1905-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. அந்தக் காலத்தில் இந்த மண்ணில் பெரிபெரி என்ற நோய் ஈயச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கிச் செத்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அரிசிதான் காரணமா, வேறு ஏதாவதா?

வில்லியம் பிளெச்சர் என்ற வெள்ளைக்கார டாக்டர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணுக்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டை எண்ணுக்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடு எல்லாம் ஒன்றே. கட்டடத்தில் நோய் இருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் வார்டையும் மாற்றிப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் மாண்டும் போனார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் பெரிபெரியால் ஒரு சாவும் இல்லை. 1907-இல் இதை அவர் உலகத்துக்குச் சொன்னார். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்துதான் காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

இந்தக் கதையில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, ஆளைப் பார்த்துப் பிரிக்காமல் எண்ணிப் பிரித்தால்தான் உண்மை தெரியும். திடகாத்திரமானவனை ஒரு பக்கமும் நோஞ்சானை மறுபக்கமும் வைத்தால், வித்தியாசம் மருந்தினாலா ஆளினாலா என்று யார் சொல்வது? இரண்டாவது பாடம் கசப்பானது. சோதனைக்கு ஆளான அந்த ஏழைகளின் சம்மதத்தைக் கேட்கும் முறை அந்தக் காலத்தில் இல்லை. இந்த இரண்டாவது பாடத்துக்குப் பிறகு வருவோம்.

இன்றைய சோதனையிலும் முறை அதேதான், இன்னும் இறுக்கமாக. சீட்டுக் குலுக்குவது போலக் கணினி பிரிக்கிறது. பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான இதய மருந்துகளை இரு பக்கத்தாரும் தொடர்ந்து சாப்பிடுவார்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள், தோழர்களே! எந்தச் சோதனையிலும் பழைய மருந்தை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் கொடுக்கவில்லை.

ஊசி முதல் மாத்திரை வரை

முதல் பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் பால் ரிட்கர் தலைமையில், மாரடைப்பு கண்டு தப்பிய 10,061 பேரை 39 நாடுகளில் சேர்த்தார்கள். எல்லாரும் இரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற குறி கூடுதலாக உள்ளவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கனாகினுமாப் என்ற ஊசி. அது கொழுப்பைத் தொடாது, வீக்கத்தை மட்டும் அடக்கும். வெற்று ஊசி போட்டவர்களில் 1000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 45 பேர் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றில் ஒன்றுக்கு ஆளானார்கள். 150 மில்லிகிராம் ஊசி போட்டவர்களில் 39 பேர்.

வீக்கத்தை அடக்கினால் இதயத்துக்கு நல்லது என்பது முதன்முறையாக நிரூபணமாயிற்று. ஆனால் காவற்படையை அடக்கினால் கள்ளன் உள்ளே வருவான் அல்லவா? ஊசி போட்டவர்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடுதல். மொத்தச் சாவு குறையவில்லை. விலையோ ஆண்டுக்குப் பல பத்தாயிரம் அமெரிக்க டாலர்! 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதயத்துக்கு அந்த ஊசியை அனுமதிக்க மறுத்துவிட்டது.

அதே 2018-இல் இன்னொரு சோதனை முடிந்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மலிவான மாத்திரையை 4,786 பேரிடம் பார்த்தார்கள். வீக்கக் குறியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. ஆக, மூட்டு வீக்கத்தைக் குறைக்கும் மருந்தெல்லாம் இதயத்துக்கு உதவாது என்பதும் விளங்கியது.

பிறகு வந்ததுதான் நம் அண்ணன் கையில் இருந்த கவுட் மாத்திரை. அதன் பெயர் கொல்சிசின். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டாக்டர் மார்க் நிடோர்ப் 2013-இல் 532 பேரிடம் பார்த்துப் பலன் இருப்பதாகச் சொன்னார். அது சிறிய சோதனை, வெற்று மாத்திரையும் இல்லை. ஆகவே பெரிதாகச் செய்தார்கள்.

2019-இல் கனடாவின் மொன்ட்ரியல் இதயக் கழகம் முடிவை வெளியிட்டது. மாரடைப்பு வந்த 30 நாளுக்குள் 4,745 பேரைச் சேர்த்து, நாளுக்கு அரை மில்லிகிராம் கொல்சிசின் கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டில், வெற்று மாத்திரைப் பக்கம் 1000-க்கு 71 பேருக்கு மறுபடி கேடு. மருந்துப் பக்கம் 55. பக்கவாதமும், நெஞ்சுவலியால் அவசரமாக மருத்துவமனைக்குப் போவதும்தான் அதிகம் குறைந்தன. இதயச் சாவில் பெரிய வித்தியாசம் இல்லை. நிமோனியா மருந்துப் பக்கம் சற்றுக் கூடுதல். 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும், நோய் நிலைப்பட்டுவிட்ட 5,522 பேரிடம் பார்த்ததில் 1000-க்கு 96 என்பது 68 ஆயிற்று. இங்கே ஒரு செய்தி. சோதனைக்கு முன் எல்லாருக்கும் சில வாரம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 15 பேர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். வயிற்றுக் கோளாறுதான் முக்கியக் காரணம்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க நிர்வாகம் இந்த அரை மில்லிகிராம் மாத்திரையை இதயத்துக்கு அனுமதித்தது. "புது மருந்து" என்ற பேச்சு கிளம்பியது அப்போதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பரில், கனடாவின் ஹேமில்டன் நகரத்து ஆய்வாளர்கள் பெரியதொரு கொல்சிசின் சோதனையின் முடிவைச் சொன்னார்கள். 14 நாடு, 7,062 பேர். எல்லாரும் மாரடைப்பு வந்து, உடனே குழாய் அடைப்பு நீக்கப்பட்டவர்கள். மூன்று ஆண்டு பார்த்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 100-க்கு 9.3 பேருக்குக் கேடு. மருந்துப் பக்கம் 9.1. இரண்டும் ஒன்றுதான்! வீக்கக் குறி குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் கூடியது.

பிறகு எல்லாச் சோதனைகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்கள் ஓரளவு பலன் உண்டு என்றே சொல்கிறார்கள். நிலைப்பட்ட இதய நோயாளிகளுக்குக் கொடுப்பதைக் கருதலாம் என்று 2024-இல் ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. மாரடைப்பு வந்த கையோடு எல்லாருக்கும் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. கற்ற டாக்டர்களே வாதாடும் மாத்திரையை நாம் கூட்டாளியின் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

யார் காசு?

தொழிற்சங்கக்காரனுக்கு இந்தக் கேள்வி கேட்காமல் தூக்கம் வராது. விலையுயர்ந்த ஊசியைச் சோதிக்க அதன் கம்பெனி காசு போட்டது. கொல்சிசினோ காலங்காலமாகப் புழங்கும் பழைய மருந்து, மலிவான மாத்திரை. அதைச் சோதிக்கக் கம்பெனிக்கு என்ன அவசரம்? மொன்ட்ரியல் சோதனைக்குக் கியூபெக் மாநில அரசாங்கமும் மற்றவர்களும் செலவிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட் சோதனை அமெரிக்கப் பொதுப்பணத்தில் நடந்தது. இலாபம் இல்லாத கேள்விக்கு மக்கள் பணம்தான் பதில் தேடித் தருகிறது. "பலன் இல்லை" என்ற முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்களே, அதுவும் ஏழைக்குச் செய்த உதவிதான். வீண் மருந்துக்குக் காசு கொடுக்காமல் தப்பிக்கிறோம்.

கார்த்திகைப்பூ எச்சரிக்கை

கொல்சிசின் நம் தமிழருக்கு அந்நியமானதல்ல. சங்க காலத்திலிருந்து நாம் பாடும் செங்காந்தள், அதாவது கார்த்திகைப்பூச் செடியில் அது இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அங்கே மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகவே அதைப் பயிரிட்டு மருந்துக்கு விற்கிறார்கள். ஐரோப்பாவில் வேறொரு கிழங்குச் செடியிலிருந்து 1820-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கெழங்க அவிச்சுத் தின்னா போதுமே" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அந்தக் கலப்பைக் கிழங்கு நஞ்சு. ஊரில் அதைத் தின்று உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் கதை பெரியவர்களுக்குத் தெரியும். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதில் மிகக் குறுகியது. அளவு மிஞ்சினால் முறிவு மருந்து கிடைப்பதில்லை. சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்களுக்குச் சின்ன அளவே மிஞ்சிய அளவாகிவிடும். இனிப்பு நீர்க்காரர்களில் பலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லி மாத்திரைகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வலி மாத்திரை வேறு சங்கதி

இன்னொன்று. "வீக்கத்துக்குக் கேக்குற மருந்துன்னா ஹார்ட்டுக்கும் நல்லதுதானே" என்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை நம்பிவிடாதீர்கள். இது தலைகீழ்ப் பாடம். வயோக்ஸ் என்று புகழ்பெற்ற மூட்டுவலி மாத்திரை, மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகம் முழுவதும் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. டைக்லோபினாக், இபுபுரோபென் போன்றவையும் இதய நோயாளிக்கு ஆகாதவை.

குலை சுமந்து முதுகு ஒடிந்தவர்கள், வலி தாங்காமல் வாரக்கணக்கில் இவற்றை விழுங்குவதை நாம் பார்க்கிறோம். ஜாமு என்று விற்கும் சில பொட்டலங்களில் திருட்டுத்தனமாக ஸ்டிராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு கண்டவர்கள் வலிக்கு எதைப் போடலாம் என்று டாக்டரையே கேளுங்கள். முதுகு ஒடிக்கும் பாரத்தைக் குறைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதைச் சங்கத்திடம் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

இப்போது அந்தக் கசப்பான பாடத்துக்கு வருவோம். நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலும் மருந்துச் சோதனைகள் நடக்கின்றன. நாளைக்கு உங்களிடமும் ஒரு தாளை நீட்டலாம். 1905-இல் கேட்காத சம்மதத்தை இன்று கேட்டே ஆக வேண்டும். 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் செய்த பிரகடனம் அதைத்தான் சொல்கிறது. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் சோதனை நடத்த அமைச்சின் ஆராய்ச்சி நெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும்.

"நம்மள வெச்சு எலி மாதிரி பாக்குறானுங்க" என்று ஓடவும் வேண்டாம், "டாக்டர் சொன்னாரு" என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். யாரோ முன்வந்ததால்தான் இன்று நமக்குப் பிழைக்க மருந்து இருக்கிறது. ஆனால் தோட்டப் பள்ளியில் படித்த நமக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். என்ன மருந்து, என்ன தீங்கு வரலாம், வந்தால் யார் பொறுப்பு, யார் செலவு என்று கேளுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு படிக்க அவகாசம் கேளுங்கள். வேண்டாம் என்றாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. அது உங்கள் உரிமை.

முடிவாக...

போன வாரம் அந்த அண்ணனை மறுபடி பார்த்தோம். அக்கா ஆறு வகை மாத்திரையையும் காலை, இரவு என்று இரண்டு மைலோ டின்னில் பிரித்து வைத்திருக்கிறார். பீடியையும் விட்டுவிட்டார். "எப்ப தம்பி அந்தக் கவுட் மாத்திர எனக்கும் வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டரக் கேளுங்கண்ணே. உங்களுக்கு ஏத்ததுன்னா அவரே எழுதிக் குடுப்பாரு. அதுவரைக்கும் இந்த ரெண்டு டின்தான் உங்களுக்குக் காவல்" என்றோம்.

தோழர்களே! மாரடைப்பு கண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இன்று இரவே அவருடைய மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். கொடுத்ததெல்லாம் சாப்பிடுகிறாரா? கொடுக்காதது ஏதும் உள்ளே இருக்கிறதா? அந்தப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த முறை கிளினிக்குக்குப் போங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, கூட்டாளி கொடுத்ததை விழுங்கி, ஒரு குடும்பத் தலைவனை இழக்கும் நிலை நமக்கு வேண்டாம்!